தரையில் கிடந்த சிவப்புச் சொட்டு

போன வருஷம் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் வீட்டம்மாவும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். என்னுடையது பழைய சின்ன கார். நாலு கியர் ஆட்டோமேட்டிக். இடது முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

தொப்பூர் கணவாயைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் இறங்கினால் பிரேக்குக்குச் சோதனை. நல்லம்பள்ளி பக்கம் ஏறினால் இன்ஜினுக்குச் சோதனை. அன்று ஏற்றத்தின் நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் லோடு லாரியின் ஹாரன். "என்னங்க ஆச்சு?" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ ஓரம் கட்டினேன். அரைமணி நேரம் கழித்து வண்டி நகர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு சார். இறக்கணும். அறுபதாயிரத்துக்குக் குறையாது" என்றார்கள். "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கப்பா" என்றான் மகன்.

மனசு கேட்காமல், தெரிந்த பழைய மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். காலையில் 'டி'-யில் போட்டதும் உடனே பிடிக்கிறதா? ரெண்டு மூணு செகண்ட் ஆகிறது என்றேன். ரிவர்ஸ்? அதுவும் அப்படித்தான். சமதரையில்? பெரிதாகத் தெரியவில்லை.

"முன்னாடியும் தாமதம், பின்னாடியும் தாமதம். உள்ளே இருக்கிற கிளட்ச் எல்லாம் ஒரே நாள்ல கெடாது சார். எல்லாத்துக்கும் பொதுவானது ஆயில்தான். முதல்ல அதைப் பாப்போம்."

இன்ஜின் சூடான பிறகு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளி, திரும்ப 'பி'-க்குக் கொண்டுவரச் சொன்னார். இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில்தான் ஈரம். முகர்ந்து பார்த்தார். "கருகின வாடை இல்லை, சிவப்பும் மாறலை. தப்பிச்சீங்க" என்றார். பழுப்பாகிக் கருகல் நாற்றம் அடித்தால் கிளட்ச் தகடு எரிகிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆயில் நுரைத்து அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும். ஏற்றத்தில் பாரம் கூடுவதால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அன்று நின்றபின் வண்டி நகர்ந்ததும் நுரை அடங்கியதால்தான். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸில், கிளாம்ப் பக்கம் ஒரு வெடிப்பு. ஓஸ் மாற்றி, புத்தகத்தில் போட்டிருந்த அதே ரக ஆயிலை ஊற்றினார். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. வேறு சங்கதி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் மெஷின் போடும். அதற்கு இந்தக் குச்சி வைத்தியம் செல்லாது.

வீட்டுக்கு வந்து கணக்குச் சொன்னேன். "ரெண்டு மாசமா போர்டிகோவில் வெத்தலை எச்சில் மாதிரி கிடக்குதுன்னு சொன்னேனே, மண்ணைப் போட்டுக் கூட்டிவிடுன்னுதானே சொன்னீங்க?" என்றாள். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும் முன் தரையைக் குனிந்து பார்க்கிறேன். முழங்கால் வலித்தாலும்.