பிரின்டர் பார்க்கிற வேலையா?



ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் கணினி படித்துப் பட்டம் எடுத்த பிள்ளைகள் கொழும்பில் ஐடி சப்போர்ட் வேலை கிடைத்தும் போகத் தயங்குகிறார்கள். "கெம்பஸ் முடிச்சிட்டு பிரின்டர் பார்க்கவா போற?" என்று வீட்டில் ஒரு கேள்வி. ஆசிரியர்களாகிய எங்களிடமும் பெற்றோர் இதைத்தான் கேட்கிறார்கள்.

2020இல் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுனர்களை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் எடுத்தது. அதுபோல இன்னொரு நியமனம் வரும் என்று இருப்பவர்கள் பலர். வரலாம். அதுவரை படித்தது துருப்பிடிக்கும்.

சப்போர்ட் வேலையில் முதல் மாதங்கள் பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பதிலேயே போகும், உண்மைதான். ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று ஒருவர் அழைக்கும்போது ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா என்று பார்க்கப் பழகுவதும் அங்கேதான். அப்படித் தொடங்கினால், நெட்வேர்க்கில் முகவரி கொடுக்கிற டிஎச்சிபியிடமிருந்து பதில் வராமல் கணினி தனக்குத்தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது அன்றுதான் கைக்கு வருகிறது. நெட்வேர்க், சேர்வர் பக்கம் போன பலர் இந்த வாசலால் நுழைந்தவர்கள்.

நம் பிள்ளைகளை உண்மையில் தடுப்பது சிங்களம். அழைப்பவர் கோபமாகச் சிங்களத்தில் பேசுவார். பொறுமையாகக் கேட்டு, அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும். ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிற மாதங்களில் இதைப் படிக்கலாமே.

மகனுக்கோ மகளுக்கோ இன்டர்வியூ கடிதம் வந்திருந்தால், வேண்டாம் என்று சொல்ல முதல் எங்களோடு ஒருக்கா பேசுங்க காக்கா.