காரைக்காலா? மாஹி மாதிரியா?

பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. சொந்த ஊர் காரைக்கால் என்றால் கிளையில் எல்லோரும் "மாஹி மாதிரியா சாரே?" என்கிறார்கள். (சரக்கு விலையைத்தான் விசாரிக்கிறார்கள்!)

ஆமாம், அதே பிரெஞ்சுக்காரன்தான். 1739-ல் தஞ்சை மன்னரிடம் எங்கள் ஊரை வாங்கினான். 1850-களில் அந்தத் துறைமுகத்திலிருந்து மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மாட்களில் ரொம்பப் பேர் திரும்பவேயில்லை. முன்பு மூணாறு கிளையில் இருந்தபோது, கவுண்டருக்கு வரும் தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் பார்த்தால் அந்த நினைப்பு வரும்.

1954-ல் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியர். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். அவர் பிள்ளைகள் பாரிஸில். எங்கள் தாத்தா எழுதவில்லை. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாராம்.

அந்த நிலத்தை 1998-ல் விற்றுத்தான் அப்பா என்னை பி.காம். படிக்க வைத்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பூட்டையும் எண்ணெய் விட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது.