பீசம் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

எனக்குத் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தெரிந்தவனைப்போல ஒரு மாணவனுக்குப் பொருள் சொன்னேன். அது பிழை என்று அறிந்த பிறகும் திருத்தவில்லை. முதலாவது அவசரம் என்றால், இரண்டாவது பொய். அந்த இரண்டாவதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்புவழிபுரத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசன் கொடுத்த காலம். பரீட்சைக்குத் தேவையே இல்லாத பழஞ்சொற்களை, ஒரே எழுத்துகளில் தொடங்குபவையாகத் தொகுத்துப் பாடமாக்கச் சொல்வேன். அரிய சொல் தெரிந்தவர் பெரிய ஆசிரியர் என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எனக்கு வேண்டியிருந்தது.

ஒருமுறை ‘பி’, ‘ஈ’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள். பிடியூ என்றால் பனியால் நனைப்பது. பிகேர்ட் என்றால் சுற்றிக் கட்டுவது. பிகாம் என்றால் காற்று விழுந்து பாய்க்கப்பல் நகராமல் நின்றுபோவது. இவற்றின் தொடக்கம் ஒரு முன்னொட்டு. ‘சுற்றிலும்’, ‘முழுவதும்’ என்ற பொருளைச் சேர்ப்பது. அதுவரை நான் சொன்னது சரி. ‘இப்படித் தொடங்கும் எந்தச் சொல்லையும் இதை வைத்தே பிரித்துவிடலாம்’ என்றும் சொன்னேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

“சேர், பீசம் எண்டா என்ன?” என்று ஒரு மாணவன் கேட்டான். வீட்டில் இருந்த பழைய ஆங்கில வேதாகமத்தில், 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பில், ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் அதைக் கண்டிருந்தான். பாபிலோனின் அழிவைச் சொல்லும் இடம். “சுற்றி வளைத்து அழிப்பது” என்றேன். அழிவைப் பற்றிய வசனத்தில் அந்தப் பொருள் பொருந்தியும் போனது. கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பிறகு அகராதியைப் பார்த்தேன். பீசம் என்றால் விளக்குமாறு. சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டியது, நம் முற்றங்களைக் கூட்டும் ஈர்க்கு விளக்குமாற்றின் இனம். கடவுள் பாபிலோனைக் கூட்டித் தள்ளுவார் என்பதே வசனத்தின் கருத்து. அந்தச் சொல்லில் முன்னொட்டே இல்லை. அதே பட்டியலில் நான் கொடுத்த பெல்டம் என்ற சொல்லிலும் இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்த உறுப்புகளால் ஆன அந்தச் சொல் முதலில் பாட்டியைக் குறித்தது. காலப்போக்கில் அருவருப்பான கிழவி என்ற வசையாகத் தாழ்ந்தது. தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருப்பதால் சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

அடுத்த வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இலங்கையின் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பதுண்டு. அது தெரியாதவனை வெட்டும் என்பதால். அதன் பிடி என் கையில் இருப்பதாக ஊர் நினைத்தது. பிடி நழுவியதைக் காட்டப் பயந்தேன். சில மாதங்களின் பின் அதே மாணவன் தன்னிலும் இளையவன் ஒருவனுக்கு என் பிழையான பொருளை விளக்கினான். “சேர் சொன்னவர்” என்று என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

ஆக்ஸ்போர்ட் பேரகராதியின் கதையை அறிந்தபோது என் வெட்கம் கூடியது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879இல் ஆங்கிலம் வாசிக்கும் பொதுமக்களிடம் வெளிப்படையாக உதவி கேட்டார். முதற்பகுதி 1884இல் வந்தது. வேலை 1928இல்தான் முடிந்தது. அவ்வளவு உழைப்பிலும், அடிமைப் பெண்ணைக் குறிக்கும் பொண்ட்மெய்ட் என்ற சொல், குறிப்புச் சீட்டுகள் தொலைந்ததால் விடுபட்டுப்போனது. 1933ஆம் ஆண்டின் பின்னிணைப்பில் அதைச் சேர்த்தார்கள். சொற்களுக்கு அதிகாரிகளாக இருந்தவர்களே கேட்டார்கள், திருத்தினார்கள். ஒரு சிறு அறையில் படிப்பித்த எனக்கு அது முடியாமல் போனது.

விளக்குமாற்றின் பெயர் தெரியாததால் யாருடைய வாழ்வும் கெடாது. ஆனால் அந்தப் பிள்ளை என்னிடம் கற்றது ஒரு சொல்லை மட்டுமல்ல. அகராதியைத் திறக்காமலே உறுதியாகப் பேசும் பழக்கத்தையும் கற்றான். வேதாகமத்தை விரித்துவைத்துக் கேள்வியோடு வந்தவனை நான் மழுங்கடித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்று வகுப்பெடுக்கும் இளையவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பிள்ளையோடு சேர்ந்திருந்து தேடுங்கள். பிழையாகச் சொல்லிவிட்டால், சொன்ன அதே பிள்ளைகளுக்கு முன்னால் திருத்துங்கள்.