பாறையில் விளையும் சூப்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தவர்களை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஒரு தம்ளர் சூப்போடு வரவேற்கிறது. சாலையோரத் தட்டுகளில், செம்பழுப்பு ரோமம் போர்த்திய துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. பார்வைக்கு ஆட்டுக்காலேதான். ஆனால் முழுச் சைவம். பெயர் முடவாட்டுக்கால்.

கடைக்காரப் பெண் கத்தியால் ரோமத்தைச் சுரண்டித் தள்ளுகிறார். துண்டுகளை நறுக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவிடுகிறார். மிளகு இந்த மலையிலேயே விளைவது.

"மூட்டுவலி போயிடுங்களா அக்கா?"

"குடிச்சிப் பாருங்க தம்பி."

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த கடையின் பலகைக்கு அந்த அடக்கம் இல்லை. 4,448 நோய்களுக்கும் இதுவே மருந்தாம். சூப் அருமை. பலகையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இந்தத் துண்டுகள் வரும் இடத்தைப் பார்க்க மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு நடந்தேன். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காப்பித் தோட்டத்தைத் தாண்டும்போதே வேலியிலிருந்த தூதுவளையையும் முசுமுசுக்கையையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டார். ரசத்துக்கு ஆயிற்று.

முடவாட்டுக்கால் மண்ணுக்குள் விளைவதில்லை. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் தண்டு அது. இந்தப் பெரணிக்கு இருவகை இலைகள். நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கும். அடியில் ஒட்டியிருக்கும் குட்டை இலைகள் காய்ந்து பழுப்பேறிய பின்னும் உதிர்வதில்லை. மேலிருந்து விழும் சருகைப் பிடித்துவைக்கின்றன. அது மக்கி எருவாகிறது. வெறும் பாறையில் செடி பிழைப்பது இப்படித்தான். பெரியவர் ஒரு கிளையை மட்டும் வெட்டினார். மீதியைத் தொடவில்லை.

காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதில்தான் கண்ணுக்கு உண்மையான வேலை. பக்கத்திலேயே கண்வலிக் கிழங்கும் படர்ந்திருக்கும். செங்காந்தளின் கிழங்கான அதிலுள்ள கோல்சிசின் ஆளைக் கொல்லும் நஞ்சு. வள்ளி என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். பூ இருந்தால் குழப்பமில்லை. பூக்காத நாளில் பெரியவர் இலை நுனியை விரலால் தடவிப் பார்ப்பார். நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டால் செங்காந்தள். இலை இதய வடிவில் இருந்து, நரம்புகள் காம்படியிலிருந்து விரிந்தால் வள்ளி. தோண்டிய பிறகும் கிழங்கின் தலைப்பகுதியைக் கொடியோடு குழியில் வைத்து மண் தள்ளி மூடினார், மறுபடி முளைக்கட்டும் என்று.

முடவாட்டுக்காலுக்கு எல்லோரும் இந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. இணையத்திலும் விற்பனைக்கு வந்துவிட்ட பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பாதையோரப் பாறைகளில் ஒன்றுமில்லை, மேலே மேலே போக வேண்டியிருக்கிறது என்றார் பெரியவர். தண்டைத் துண்டாக்கிக் கட்டிவைத்தாலே துளிர்க்கும் பெரணி இது. தோட்டத்து நிழல் மரங்களில் வளர்க்கலாமே என்றேன். வீட்டுப் பலா மரத்தில் ஏற்கெனவே இரண்டு கட்டியிருக்கிறாராம்.

"விக்கிறதுக்கு இல்லீங்க. பேரப்புள்ளைங்க சூப்பு கேக்குதுங்க."