நாங்கள் நெகிரிக்காரர்கள்

நீங்கள் எப்போதாவது சிரம்பான் ரயில் நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? அடுத்த முறை இறங்கினால் அவசரப்பட்டு டாக்சியில் ஏறிவிடாதீர்கள். நிலையத்தின் அருகிலேயே ஒரு புல்திடல் இருக்கிறது. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் விசேஷமில்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு சொன்னார் என்றுகூட நினைப்பீர்கள். எங்கள் அப்பா அதை 'டேசன் பாடாங்' என்பார். கோயிலுக்குப் போகும்போது வராத ஒரு பணிவு அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரலில் வரும்.

1965-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில், மம்பாவ் தாண்டி உள்ளே இருந்தது. அப்பா பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்தார். பின்னால் கேரியரில் சித்தப்பா. மூன்று பேரைச் சுமந்த அந்தச் சைக்கிள் ஒவ்வொரு மேட்டிலும் முனகியது. மேடு வரும்போதெல்லாம் சித்தப்பா குதித்து இறங்கிக் கூடவே ஓடி வருவார். திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு பார்த்தோம். பெரியவர்களின் முழங்கைகளுக்கு இடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதியும் கால்களும்தான். ஒரு காக்கா கச்சாம்பூத்தே கூம்பு விற்றார். அப்பா இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு நெகிரி செம்பிலான் தோற்றது. யாரிடம் தோற்றது என்பதுகூட மறந்துவிட்டது. கடலையின் உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

வரும் வழியில், "ஏம்ப்பா நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க?" என்று கேட்டேன். அப்பா சொன்ன பதிலை அதற்குப் பிறகு நாற்பது வருஷம் நான் என் பிள்ளைகளுக்குச் சொல்ல நேர்ந்தது. "அடுத்த வருஷம் பாரு!"

மலாயா கிண்ணத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலில் வந்தவர்கள் கொடுத்த கிண்ணம் அது. 1921-இல் போட்டி தொடங்கியபோது களமிறங்கிய ஆறு குழுக்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 1967-இல் அதுவே மலேசியக் கிண்ணம் ஆனது. ஆகவே, வயதில் நாங்கள் யாருக்கும் இளையவர்கள் அல்ல. வெற்றிக் கணக்கைக் கேட்டால்தான் கொஞ்சம் தலை குனிய வேண்டும். 1948-இல் ஒரு தடவை கிண்ணத்தை வென்றோம். நாட்டில் அவசரகாலம் பிறந்த அதே வருஷம். மறுநாள் கிராணியார் பத்திரிகையைப் பார்த்துச் சேதி சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சித்தப்பாவுக்குப் பதினான்கு. இருவருமே அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட விரிவாகச் சொல்வார்கள். வருஷம் ஆக ஆக அந்தக் கதையில் கோல்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது!

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'உங்களுக்கு எந்த ஊர்?' என்ற கேள்வி சங்கடமானது. குடியிருந்த லயத்து வீடு கம்பெனியுடையது. வெட்டிய மரம் கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்பாவுக்கு அவர் பிறந்த நாமக்கல் பக்கத்துக் கிராமம் கனவு போல ஆகிவிட்டது. பாதி நாளில் அவர் பேசும்போது 'எங்க ஊரு' என்றால் அது எதைக் குறிக்கிறது என்று எங்களுக்கே புரியாது. ஆனால் வானொலியில் மலாய் வர்ணனை ஓடும்போது, சாமான் கடை வாசலில் கூடி நின்ற இருபது முப்பது பேரும் 'நம்ம ஆளுங்க' என்றால் அதில் சந்தேகமே கிடையாது. பந்தை உதைத்தவர் மலாய்க்காரரா, சீனரா, நம்மவரா என்று யாரும் பார்க்கவில்லை. நெகிரிக்காரர், அவ்வளவுதான்.

1969-இல் நிலைமை மாறியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அப்பா முன்னமே கிராணியாரைப் பிடித்து, மனுப் போட்டு, நீல அடையாள அட்டை வாங்கியிருந்தார். சித்தப்பா 'பிறகு பார்த்துக்கலாம்' என்று காலத்தை ஓட்டியவர். அவர் கையில் இருந்தது சிவப்பு அட்டை. காற்பந்து ஆட்டத்தில் நடுவர் சிவப்பு அட்டை காட்டும் வழக்கம் 1970 உலகக் கிண்ணப் போட்டியில்தான் வந்தது என்பார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அது முன்னதாகவே கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் பல்லாயிரம் பேர் தோட்டங்களை விட்டுப் போனார்கள். 1970-இல் சித்தப்பாவும் ரஜூலா கப்பல் ஏறினார். ஒரு தகரப்பெட்டி, ஒரு வெண்கலக் குத்துவிளக்கு, சின்னம்மா, இரண்டு குழந்தைகள். துறைமுகத்தில் அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அழுதார்.

மூன்று மாதம் கழித்து நாமக்கல்லிலிருந்து முதல் கடிதம் வந்தது. நீல நிறக் காகிதம். எழுதத் தெரிந்த யாரையோ வைத்து எழுதியிருந்தார். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியில் கேட்டிருந்தார்: 'நெகிரி இந்த வருஷம் எப்படி?'

எப்படி இருக்கும்? எப்போதும் போலத்தான். 1975 முதல் 1981 வரை நடந்த ஏழு மலேசியக் கிண்ண இறுதியாட்டங்களில் ஆறில் சிலாங்கூரும் சிங்கப்பூரும்தான் மோதின. சிலாங்கூரில் மொக்தார் டஹாரி இருந்தார். அதைவிட, கோல் கம்பங்களுக்கு நடுவில் நம்முடைய ஆர். ஆறுமுகம் இருந்தார். நீண்ட கைகளால் பந்தைப் பறந்து பிடிக்கும் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய காலம். தோட்டத்து இளைஞர்களில் பாதிப் பேர் சிலாங்கூர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். என் தம்பியும் அப்படியே. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் ஊசலாடியது. ஆறுமுகத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டினேன். அப்பா அதைப் பார்த்தார், கிழிக்கவில்லை. "ஆறுமுகம் நம்ம புள்ளதான். தங்கமான புள்ள. அதுக்காக சிலாங்கூர் நமக்கு ஊராயிடுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

1988 டிசம்பரில் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. அன்று எங்கள் வீட்டில் எந்த மாநிலம் என்ற பேச்சே எழவில்லை.

அப்பா 1991-இல் போனார். தோட்டத்துச் சுடுகாட்டில்தான் காரியம் நடந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே தோட்டமும் போயிற்று. சிரம்பானைச் சுற்றி இப்போது நீங்கள் காணும் வரிசை வீடுகளும் கடைத்தொகுதிகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்த மண்ணில் பெரும்பகுதி பால்மரம் நின்ற மண். எங்கள் லயம் இருந்த இடத்தை இன்று நான் காட்ட வேண்டுமானால், ஒரு கார் பழுது பார்க்கும் பட்டறையைத்தான் காட்ட வேண்டும். பிரட்டுக் களம் எது, கோயில் எது என்று என் பிள்ளைகளுக்கு விரலால் சுட்டிக் காட்டியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டுவார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

காற்பந்தும் மாறியது. 1989-இல் பாதித் தொழில்முறை லீக் வந்தது. பின்னர் முழுத் தொழில்முறை ஆட்டம். சம்பளம் வந்தது, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், கூடவே சூதாட்ட ஊழலும் வந்து பல ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைக் கெடுத்தது. டேசன் பாடாங்கின் புழுதி போய், ஆட்டங்கள் பாரோய் அரங்கத்துக்குப் போயின. அந்த அரங்கத்துக்குத் துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயர். நம் நாட்டின் முதல் மாமன்னர், நெகிரிக்காரர். உங்கள் சட்டைப்பையில் ஒரு வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், அவர் முகம் தெரியும். நெகிரி 2003-இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 2005-06 பருவத்தில் சூப்பர் லீக் வெற்றியாளரும் ஆனது. அப்போதெல்லாம் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வேன். "அதெல்லாம் வேறப்பா. கிண்ணம் எங்கே?" என்பார். அவருக்குக் கிண்ணம் என்றால் ஒன்றுதான்.

2009 நவம்பர் 7. புக்கிட் ஜாலில் அரங்கம். எதிரே கிளந்தான். சிரம்பானிலிருந்து வாடகைப் பஸ் பிடித்துப் போனோம். அரங்கத்துக்குள் நுழைந்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கு பார்த்தாலும் கிளந்தான்காரர்கள். கிழக்குக் கரையே பெயர்ந்து வந்துவிட்டதோ என்று தோன்றியது. நாங்கள் ஒரு மூலையில், தட்டில் ஓரமாக வைத்த ஊறுகாய் போல இருந்தோம். பயிற்றுநர் வான் ஜமாக்கின் பையன்களுக்கு அந்தக் கூட்டம் கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. ஆட்டம் 3-1 என்று முடிந்தது. மூன்று எங்களுடையது. என் பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பெரியவர், எழுபது வயதிருக்கும், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்துவிட்டார். "ஆறுபத்தோரு வருஷம்" என்பதைத் தவிர அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் நாமக்கல்லுக்குப் போன் போட்டேன். அங்கே இன்னும் இரவுச் சாப்பாட்டு நேரம்தான். சித்தப்பாவுக்கு வயது எழுபத்தைந்து, காது மந்தம்.

"சித்தப்பா, நாம கிண்ணத்த அடிச்சிட்டோம்!"

"என்னத்த அடிச்ச?"

"கிண்ணம் சித்தப்பா! மலாயா கிண்ணம்! நெகிரி!"

மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "எத்தன கோலு?" என்றார். சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். வயதான காலத்தில் மறதியில் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "காலையில போய்ச் சொல்றேன் சித்தப்பா" என்றேன். சொன்னபடி போனேன். சுடுகாட்டைச் சுற்றிலும் அப்போதே வேலி போட்டிருந்தார்கள். வெளியே நின்றபடிதான் சொல்ல முடிந்தது.

அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் அதே கிளந்தான் எங்களைத் தோற்கடித்துப் பழி தீர்த்துக்கொண்டது. 2011-இல் மீண்டும் வென்றோம், திரெங்கானுவுக்கு எதிராக 2-1. ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த வெற்றி கோலை அடித்தவர் எஸ். குணாளன். அன்று என் தம்பியே போன் செய்து, "அண்ணே, இன்னிக்கு மட்டும் நானும் நெகிரி" என்றான். கேலியாகச் சொன்னானோ, நிஜமாகச் சொன்னானோ, நான் ஏற்றுக்கொண்டேன்.

2012-இல் ஒரு வழியாக நாமக்கல்லுக்குப் போனேன். சித்தப்பாவுக்கு நெகிரியின் ஜெர்சி ஒன்று வாங்கிப் போயிருந்தேன். வேட்டிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வந்து, "தாத்தா, இது எந்த டீமு?" என்று கேட்டார்கள். அவர் அந்த ஊருக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கேதான் பிறந்தார், அங்கேதான் அவருடைய நிலமும் வீடும் பேரப்பிள்ளைகளும். "எங்க ஊரு டீமுடா" என்றார்.

அதற்கு மறுவருஷம், 2013-இல், நெகிரி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்தச் சேதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு ஏறினோம், இறங்கினோம், 2021-இல் கீழ்ப்பிரிவில் முதலிடம் பெற்று மறுபடியும் ஏறினோம். 2022-இல் பயிற்றுநர் கே. தேவன் எங்களைச் சூப்பர் லீக்கில் நான்காம் இடத்துக்குக் கொண்டு வந்தபோது, எனக்கு மறுபடி இருபது வயது ஆனது. ஒரே ஒரு பருவத்துக்குத்தான். என் பேரன் ஜொகூர் குழுவின் ரசிகன். 2014-இலிருந்து லீக்கில் அவர்களை அசைக்க ஆளில்லை என்று எனக்கே பாடம் நடத்துகிறான். ஜெயிக்கிற குழுவை நேசிக்க என்ன சிரமம் இருக்கிறது? அவனைத் திட்டுவதில்லை. வயது வரட்டும்.

நீங்கள் பாரோய்க்கு வர விரும்பினால் வழி சுலபம். சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் சாலையில்தான் அரங்கம் இருக்கிறது. புக்கிட் புத்துஸ் மலை ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். ஆட்ட நாளில் மாலையிலேயே வந்துவிடுங்கள். இருட்டுமுன் அந்த மலைகளைப் பார்ப்பதே ஒரு சுகம். மழைக்கு ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நடுக்கோட்டுக்கு நேராக, மேலிருந்து நான்காவது வரிசையில் இருப்பேன். கடலை இரண்டு பொட்டலம் வாங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.