அந்தக் காலி இடம்

டீச்சர் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் கேள்வித்தாள் எடுக்கும் சைக்ளோஸ்டைல்தான்.

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற நாங்கள் நாலைந்து பேர் மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருவது உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் பதியவும் அடையாள அட்டை அச்சடிக்கவும் நம் பழைய மாணவன் ஒருவன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். எங்களுக்கு இன்டர்நெட் ஒழுங்காக வராது என்பதால், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும்படி டபிள்யூ.பி.எஃப் என்பதில் எழுதினான். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்ததாம்.

ஜூனில் ஓர் அம்மா ஐந்தாம் வகுப்புப் பெண்ணைச் சேர்க்க வந்தார். ரேஷன் கார்டு நகலைப் பார்த்து வழக்கம்போல் தந்தை பெயரை அடித்துவிட்டேன். “அவர் பேர் வேண்டாம் டீச்சர், என் பேர் மட்டும் போதும்” என்றார் தணிந்த குரலில். ‘தந்தை விவரம் உண்டு’ என்ற இடத்தில் டிக்கை எடுத்தேன். தந்தை பெயர், தொழில், செல் நம்பர் மூன்று பெட்டிகளும் மறைந்தன. அவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக அப்படியே நின்றது. குழந்தை எட்டிப் பார்த்து, “இங்க மட்டும் ஏன் டீச்சர் காலியா இருக்கு?” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதிவேடு எழுத ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி “அப்பா பேரு? என்ன வேலை?” என்று வகுப்பறையில் சத்தமாகக் கேட்பேன். ஒரு பெண் பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்பது கூடத் தோன்றாத வயசு எனக்கு.

அந்த ஞாயிறு மாணவன் ஊருக்கு வந்திருந்தான். இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபோது நடந்ததைச் சொன்னேன். “ஐயோ, அது நான் வேணும்னே செஞ்சது டீச்சர்” என்றான். இந்த டபிள்யூ.பி.எஃப்பில் ஒரு பெட்டிக்கு மூன்று நிலை உண்டாம்: விசிபிள், ஹிட்டன், கொலாப்ஸ்டு. ஹிட்டன் என்றால் பெட்டி தெரியாது, இடம் அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும். கொலாப்ஸ்டு என்றால் இடமும் போய்விடும், கீழே இருப்பவை மேலே ஏறிக்கொள்ளும். கூடவே வரும் பூலியன்-டு-விசிபிலிட்டி கன்வர்ட்டர் ‘இல்லை’ என்றால் கொலாப்ஸ்டுதான் தரும். திரையில் பெட்டிகள் குதிக்க வேண்டாமே என்று இவன் சொந்தமாக ஒன்று எழுதி ஹிட்டன் ஆக்கியிருக்கிறான்.

எதிரே பார்த்தேன். ஒரு பஸ் கிளம்பியது. வேறு ஊர் பஸ் எதுவும் அந்த இடத்தில் வந்து நிற்கவில்லை. “இது ஹிட்டனா?” என்றேன். ஓரத்தில் ஒரு பூக்காரம்மா கூடையை எடுத்துக்கொண்டு போக, பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். “இது கொலாப்ஸ்டு!” சிரித்துவிட்டான்.

டிக் எடுத்தது பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதுதான் டேட்டா பைண்டிங்காம். டிக்கும் பெட்டியும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரே விவரத்தோடு இரண்டையும் கட்டிவைத்திருக்கிறார்கள். விவரம் மாறினால் அது ‘மாறிவிட்டேன்’ என்று அறிவிக்க வேண்டும். ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு என்று பெயர். அறிவிக்காவிட்டால் திரை பழையபடியே நிற்கும். கண்டக்டர் விசில் ஊதாமல் டிரைவர் எடுப்பாரா? அந்தக் கதைதான்.

அன்று இரவே திருத்திக் கொடுத்தான். முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அட்டைகள் அச்சாகி வந்தன. அந்தப் பெண்ணின் அட்டையில் தந்தை பெயர் பளிச்சென்று இருந்தது! நல்லவேளை, கொடுப்பதற்கு முன் பார்த்தேன்.

போன் போட்டேன். “பெட்டியை மறைச்சா உள்ள அடிச்சது அழியாது டீச்சர். அச்சு திரையைப் பார்க்கறதில்ல, விவரத்தைத்தான் எடுக்குது” என்றான். அப்போ டிக் எடுத்ததுமே அழித்துவிடேன் என்றேன். கை தவறி எடுத்தால் அடித்ததெல்லாம் போய்விடுமே என்றான். அரை மணி நேர வாக்குவாதம். கடைசியில், ‘சேமி’ அழுத்தும்போது டிக் இல்லாவிட்டால் அந்த மூன்றையும் அழிப்பது என்று முடிவானது. அதற்குள் மனம் மாறி டிக்கைத் திரும்பப் போட்டால் பழையது வந்துவிடும். பாஸ்போர்ட்டுக்கே 2016 கடைசியிலிருந்து தாய், தந்தை, பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் போதும் என்று ஆகிவிட்டது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நான் மூன்று பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள்.

புது அட்டையில் அவள் பெயருக்கு நேர் கீழே அம்மா பெயர், நடுவில் இடைவெளி இல்லை. நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போட்டோல கண்ணு மூடியிருக்கு டீச்சர்” என்றாள்.

வேறு படம் எடுத்து மறுபடி அச்சடித்தோம்.