வலியில்லா நோய்

பல்லில் சிறு குழி விழுந்தால் இரவெல்லாம் உறக்கம் கெடுகிறது. காலில் முள் தைத்தால் நடை நின்றுவிடுகிறது. மூளையின் ஒரு பகுதி குருதியின்றி மடியும்போதோ பெரும்பாலும் வலிப்பதே இல்லை. உடலின் வலியையெல்லாம் உணரும் மூளைக்குத் தன் திசுவின் வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையா. பக்கவாதத்தின் கொடுமை இந்த அமைதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நோயை விளைவிக்கும் காரணங்களும் அமைதியானவையே. உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவர்களைத் தடிக்கச் செய்கிறது. நீரிழிவும் கொழுப்பும் புகையிலையும் அவ்வழியை மேலும் குறுக்குகின்றன. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்போர்க்கு அங்கே உறைகட்டி உருவாகி, குருதியோடு மூளைக்கு ஏறிவிடக்கூடும். அவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி.

என் பெரியப்பா தச்சர், பீடி பிடிப்பவர். இரத்த அழுத்தம் மிகுதி என்று மருத்துவ முகாமில் சொன்னபோது, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சிரித்தார். ஒரு மாலை அவரது வலக்கை பத்து நிமிடம் துவண்டு, தானே சரியாயிற்று. தானே சரியானதால் அவர் அஞ்சவில்லை. அத்தகைய குறுகிய தளர்ச்சி பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக அமைவதுண்டு. மூன்றாம் நாள் உறங்கி எழும்போதே வாய் கோணி, வலப்பக்கம் விழுந்திருந்தது. வெயில் ஏறும்வரை சுற்றத்தார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தனர். அதன்பின், உளியைக் கையில் கொடுத்தால் அதன் பயனைச் சைகையால் காட்டுவார். பெயர் மட்டும் வராது.

நோயின் கடுமையை அளக்க மருத்துவர்கள் கண்ணசைவு, முகம், கைகால், பேச்சு முதலியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுகின்றனர். மதிப்பெண் கூடக்கூட அஞ்ச வேண்டிய தேர்வு இது! மொழித்திறனுக்கு இதில் இடம் மிகுதி. ஆதலால், மூளையின் வலப்பாதி தாக்குண்டவர் அதே அளவு இழப்புக்குக் குறைந்த எண் பெறுவதுண்டு. அவர்களுள் சிலர் தம் இடக்கை அசையாததையே அறியார்.

பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணித்துள்ளனர். ஆயினும், மடிந்த பகுதியைச் சுற்றி, செயலிழந்தும் சாகாத விளிம்பு ஒன்று, அண்டைக் குழாய்களின் கசிவைக் கொண்டு, கடைமடைப் பயிர்போலச் சிறிது நேரம் உயிர் பிடித்திருக்கும். மருத்துவம் காக்க விரைவது அதனைத்தான். உறைகட்டியைக் கரைக்கும் மருந்து 3 மணி நேரத்திற்குள் பயன் தருவதை 1995இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால், உள்ளே குருதி கசியவில்லை என்பதை ஊடுகதிர்ப் படத்தால் உறுதிசெய்யாமல் அம்மருந்தைச் செலுத்த இயலாது. ஆதலால், அக்கருவி உள்ள மருத்துவமனைக்கே நேரே செல்ல வேண்டும்.

அங்கே முதலில் எழும் வினா, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. உறக்கத்தில் தாக்குண்டவருக்கு, அவர் நலமாகப் படுக்கச் சென்ற நேரத்திலிருந்தே கணக்குத் தொடங்குகிறது.